ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதை அழிக்காமல் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாகப் போடலாம் தம்பி. ஆனால் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் பிரிவுகளில், கை வைப்பதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை மாற்றினாலே விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம். கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் பாடங்களும் போனது போனதுதான். அவசரத்தில் பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான், தயவுசெய்து தாண்டாதீர்கள்.

இது முடிந்தால் மற்றது எளிது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்து 50 ஜிபி காலியாக விடுங்கள். உபுண்டுவை நிறுவும் ஃபைல்களை ஏற்றிய பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி (பூட் செய்து), அந்தக் காலி இடத்தில் மட்டும் உபுண்டுவைப் போடுங்கள்.

கேள்வி: 100 எம்பியில் ஈஎஃப்ஐ என்று ஒரு பார்ட்டிஷன் தெரிகிறதே, ஃபார்மேட் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. விண்டோஸைத் தொடங்கி வைக்கும் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் உபுண்டுவின் கிரப்பும் அதற்குள்ளேயே தனி ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது சார். பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட 5.30 மணி முன்னால் இருப்பதால் அதே அளவு வித்தியாசம். உபுண்டுவில் கட்டளை எழுதும் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்று கொடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: உபுண்டுவில் டி டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை.

பதில்: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும், டிரைவை முழுதாக விடாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அதை அணைத்துவிட்டு, ஒருமுறை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள்.

கேள்வி: பின்னாளில் உபுண்டு வேண்டாம் என்றால்?

பதில்: முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டு வாருங்கள். விண்டோஸ் நேராக ஏறுகிறதா என்று பார்த்த பிறகே உபுண்டு பார்ட்டிஷனை அழியுங்கள்.