திரைவாசிப்பான் ஏன் உளறுகிறது?

கேள்வி: இணையவழி வகுப்புக்கான தமிழ்ப் பாடக்குறிப்புகளை பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறேன். என் திரையில் தமிழ் சரியாகவே தெரிகிறது. ஆனால் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) பயன்படுத்தும் பார்வையற்ற மாணவர், "வெறும் ஆங்கில எழுத்தாக உளறுகிறது" என்கிறார். என்ன கோளாறு?
– கல்லூரி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்தக் கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் காணும் ‘அம்மா’, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். திரைவாசிப்பானுக்கு வடிவம் தெரியாது, குறியீட்டைத்தான் படிக்கும். சந்தேகமிருந்தால் வேர்ட் கோப்பிலிருந்து ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள்: நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் சூத்திரங்களையும் பாமினி என்றே நினைத்து அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள். பிறகு கொம்பு எழுத்துகளைச் சரிபாருங்கள். பாமினியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். மாற்றி இங்கே சறுக்கினால் ‘கொடி’, ‘தேர்’ எல்லாம் சிதறும். என்விடிஏ-வுடனே வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும். ஒரு பக்கத்தைக் காதால் கேட்டுவிடுங்கள்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. வேர்டில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ பாணிகளைக் கொடுத்தால்தான் மாணவர் ஹெச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். பிடிஎஃப் எடுக்கும்போது ‘பிரிண்ட்’ வழியாகப் போனால் இந்தக் கட்டமைப்பு உதிர்ந்துவிடும். ‘சேவ் ஆஸ்’ வழியே போங்கள். யூனிகோட் தமிழும் பிடிஎஃப்-க்குள் சில சமயம் எழுத்து இடம்மாறிப் போவதுண்டு. எங்களைக் கேட்டால், வேர்ட் கோப்பையே கொடுத்துவிடலாம்.

கேள்வி: படங்களுக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விவரிப்பு) எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?
– பொருளியல் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் ஓரிரு வாக்கியம். ‘தேவை வளைகோட்டின் படம்’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘விலை ஏற ஏற வாங்கும் அளவு குறைவதைக் காட்டி, இடமிருந்து வலமாகக் கீழிறங்கும் கோடு’ என்று எழுதுங்கள். எண்கள் நிறைய இருந்தால் படத்துக்குக் கீழே அட்டவணையாகவே போடுங்கள், அது எல்லா மாணவருக்கும் உதவும். தேர்வு வினாவில் வரும் படமென்றால் விடையை உளறிவிடாமல் எழுத வேண்டும். ஓரத்துப் பூ வேலைப்பாட்டுக்கு எதுவும் வேண்டாம். ‘டெக்கரேட்டிவ்’ என்று குறித்துவிட்டால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.