முதல் கப்பல் பயணம்: வாசகர் கேள்விகள்

கே: வாந்தி, தலைசுற்றல் வராமல் இருக்க எந்த கேபின் எடுக்கலாம்?

ப: கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்குகளில் ஒன்று. மேல் டெக்கில், முன்முனையில் இருக்கும் பால்கனி அறை பார்க்க அழகு. அலை எழும்பினால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். குமட்டலைத் தடுக்கும் மெக்லிசின் மாத்திரையைக் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு அல்ல. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையை நாலு மணி நேரம் முன்பே ஒட்டுங்கள். மூன்று நாள் தாங்கும். ஒட்டிய விரலால் கண்ணைத் தொடாதீர்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டவே வேண்டாம்.

கே: பெட்டி எல்லாவற்றையும் துறைமுகத்திலேயே ஒப்படைத்துவிடலாமா?

ப: ஒப்படைக்கலாம். ஆனால் அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும், சில நேரம் இரவும் ஆகும். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும்.

கே: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அயர்ன் பாக்ஸ் கொண்டுபோகலாமா?

ப: கூடாது. ஸ்கேனரில் தெரிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். குறிப்பாக சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) உள்ள பாக்ஸ் ஆபத்து. கப்பலின் மின் இணைப்பு வீட்டில் இருப்பதுபோல் எர்த்தோடு பிணைந்ததல்ல. அந்தக் கருவி சூடேறித் தீப்பிடிக்கலாம். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய ஆபத்து இல்லை. நாலைந்து யுஎஸ்பி துளைகள் உள்ள சார்ஜர் ஒன்று போதும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் உலோகம், காந்தக் கொக்கிகள் ஒட்டும். ஈரத் துணி மாட்ட உதவும்.

கே: விசா வேண்டுமா?

ப: எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்தெந்தத் துறைமுகம் என்று எழுதாமல் இதைக் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? பொதுவாக ஒன்று சொல்கிறேன். ஒரு நாட்டிலிருந்து கிளம்பி, வேறு நாட்டைத் தொட்டு, மறுபடி அதே நாட்டுக்குத் திரும்பினால் ஒருமுறை நுழையும் விசா போதாமல் போகலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும்.

கே: கப்பல் 5 மணிக்குக் கிளம்புகிறது. தனியாக டாக்சி பிடித்து ஊர் சுற்றிவிட்டு 4.45-க்கு வந்தால் போதும்தானே?

ப: போதாது. இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. 5 மணி என்பது கயிறு அவிழ்க்கும் நேரம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும்; கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் இறங்குகிறவர்கள்தான் கரையில் நின்று கையசைக்கிறார்கள்.

உங்களுக்காகக் கப்பல் நிற்காது. துறைமுகத்தில் இடம், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட், இழுவைப் படகு எல்லாம் நேரம் குறித்து ஏற்பாடாகியிருக்கும். தாமதத்தை ஈடுகட்ட வேகம் கூட்டினால் எரிபொருள் செலவு எகிறும். நீங்கள் வரவில்லை என்றால் கேபின் பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து, துறைமுக ஏஜெண்டிடம் (கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி) கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அடுத்த துறைமுகம்வரை விமானம், விடுதி எல்லாம் உங்கள் செலவு.

இன்னொரு கண்ணி, செல்போன் கடிகாரம். அது கரையின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த நிகழ்ச்சித் தாளை, ஏஜெண்ட்டின் போன் எண்ணோடு சேர்த்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள். கப்பல் நங்கூரமிட்டு நின்று சிறு படகில் கரை சேர்க்கும் ஊர் என்றால், கடைசிப் படகின் நேரமே உங்கள் கெடு. அதற்கும் வரிசை நீளமாக இருக்கும். தொலைவான இடம் போக ஆசையா? கப்பலே நடத்தும் சுற்றுலாவை எடுங்கள். அது தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது.

கே: அவசரகாலப் பயிற்சியைத் தவிர்க்க முடியுமா?

ப: முடியாது, தவிர்க்கவும் நினைக்காதீர்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே கூட வேண்டும் என்பது அங்கேதான் தெரியும். 2012 ஜனவரியில் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பல நூறு பேர் பயிற்சியே பார்த்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே பயிற்சி நடக்க வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது.

கே: ஏறும் நாள் காலை விமானத்தில் போய் இறங்கலாமா?

ப: வேண்டாம். முந்தைய நாளே போய்விடுங்கள். விமானம் தாமதமானாலும் கப்பல் நிற்காது.

கே: கடலில் போன் வேலை செய்யுமா?

ப: செய்யும், பில் எகிறும். ஏறியதும் ஏர்பிளேன் மோடு. பிறகு வேண்டுமானால் வைஃபை பேக்கேஜ்.

கே: ஹேண்ட் சானிடைசர் இருந்தால் வயிற்றுப்போக்கு வராதுதானே?

ப: வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது. சாப்பிடுமுன் சோப்பு போட்டு 20 வினாடி கழுவுங்கள்.

கே: கடைசி நாள் இரவு என்ன செய்ய வேண்டும்?

ப: பெட்டிகளில் அவர்கள் தரும் சீட்டைக் கட்டி, சொன்ன நேரத்துக்குள் வாசலில் வையுங்கள். காலையில் உடுத்த துணியும் செருப்பும் உள்ளே இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் மருந்தும் மறுபடி கைப்பையில்.