கடைக்குக் கேமரா: எத்தனை நாள் பதிவு தங்கும்?

கேள்வி: மளிகைக் கடையில் நான்கு கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த இருக்கிறேன். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவு செய்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் ஆகும் என்பதால், நான்குக்கும் சேர்த்து உங்கள் டிஸ்கில் பதினோரு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிவு தங்கும். அதன்பின் பழையது அழிந்து புதியது பதிவாகும். சரக்குக் குறைவது மாதக் கடைசிக் கணக்கில்தான் தெரியவரும் மளிகைக் கடைக்கு இது போதாது. காட்சியைச் சுருக்கிக் குறைந்த இடத்தில் சேமிக்கும் எச்.265 முறையில் பதியும் டிவிஆரையும் (கேமராக்களின் காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) 2 டெராபைட் டிஸ்கையும் கேட்டு வாங்குங்கள். வாசலை நோக்கிய கேமராவில், வெளிவெயிலின் எதிரே வருபவரின் முகம் கறுத்துத் தெரியும் ஆதலால், அந்த ஓரிடத்துக்காவது டபிள்யூ.டி.ஆர். வசதி (வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சியில் இரண்டையும் தெளிவாகக் காட்டுவது) உள்ளதையே பொருத்துவது நல்லது. டிவிஆரைக் கல்லாவுக்கு அடியிலேயே வைக்கும் கடைக்காரர்கள் உண்டு. கல்லாவை உடைப்பவன் அதையும் சேர்த்தே எடுத்துச் செல்வான்.