தெரியாததைத் தெரியாது என்றே சொல்லியிருக்கலாம்

கேள்வி: கொரோனா பெருந்தொற்றின்போது அரசுகளும் சுகாதார அமைப்புகளும் மக்களுக்குத் தகவல் சொன்ன விதம் தரமாக இருந்ததா? ஏன் இத்தனை பேர் நம்பிக்கை இழந்தார்கள்?

என் பதில், பெரும்பாலும் இல்லை என்பதுதான். உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் செய்தியாளர் சந்திப்பு, எண்ணிக்கை, வரைபடம், கை கழுவும் காணொளி என்று தகவல் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் பாதி தெரிந்ததை முழுதும் தெரிந்த தொனியில் சொன்னார்கள், ஒரு முடிவுக்கு உண்மையான காரணம் ஒன்றாக இருக்க வேறொன்றை முன்னால் வைத்தார்கள். அப்புறம் ஆய்வு வளர்ந்து ஆலோசனை மாறியபோது, அறிவியல் வளர்கிறது என்று பலருக்குத் தோன்றவில்லை, பேச்சை மாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

முகக்கவசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரல் ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். பொதுமக்களுக்குத் தொற்று வராமல் தடுக்க அது பயன்படாது, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போனால் எல்லோருக்கும் ஆபத்து என்பது அதன் சாரம். இரண்டையும் ஒரே பதிவில் படிப்பவருக்கு என்ன தோன்றும்? டாக்டரைக் காப்பாற்றுகிற பொருள் என்னை மட்டும் எப்படிக் காப்பாற்றாது என்றுதான். ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பொதுமக்களும் துணி முகக்கவசம் அணியலாம் என்றது, உலக சுகாதார நிறுவனம் ஜூன் 5 அன்று தன் ஆலோசனையை மாற்றியது. அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் பரவுகிறது என்ற புரிதல் வளர்ந்தது இந்த மாற்றத்துக்கு ஒரு நியாயமான காரணம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் முதல் நாளே 'இருப்பு குறைவு, மருத்துவமனைகளுக்கு முதலில் போகட்டும், பொது இடத்தில் எவ்வளவு உதவும் என்பது இன்னும் உறுதியாகவில்லை, இப்போதைக்கு வீட்டில் இருக்கும் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன். தட்டுப்பாடு என்று சொன்னால் புரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கிறவர்கள், ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்துவிட்டால் அடுத்து வரும் தடுப்பூசி வரைக்கும் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு போகிறார்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது காற்று வழிப் பரவல் விவகாரம். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், இந்த நோய் காற்றில் பரவுவது அல்ல என்று 'உண்மை' என்ற முத்திரையுடனே பதிவிட்டது. காற்றில் பரவாது என்பதற்கு அப்போது முடிவான சான்று எதுவும் இல்லை, பரவும் என்பதற்குச் சான்று போதவில்லை என்ற மதிப்பீடுதான் இருந்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, மூடிய அறைகளில் மிதக்கும் நுண்துளிகளைக் கவனியுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அப்படியும் அந்த நிறுவனம் இதைப் பொதுமக்களுக்குத் தெளிவாக எழுத 2021 ஆகிவிட்டது. அதுவரை எத்தனையோ பேர் கதவுக் கைப்பிடியையும் கடையிலிருந்து வந்த பையையும் துடைத்துத் துடைத்தே களைத்துப் போனார்கள், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பரப்புகளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று சிடிசி 2021 ஏப்ரலில் சொன்னது. முதலில் உறுதியாகக் காதில் விழுந்ததை மனதிலிருந்து எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

நிச்சயமின்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள், குழம்புவார்கள் என்பது வழக்கமான பதில். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2020 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் ஏங்கெலா மெர்கல் செய்தியாளர்களிடம் பேசியதைப் பாருங்கள். நோயுற்ற ஒருவர் சராசரியாக 1.1 பேருக்குப் பரப்பினால் அக்டோபரில் மருத்துவமனைகளின் எல்லையைத் தொட்டுவிடுவோம், 1.2 என்றால் ஜூலையில், 1.3 என்றால் ஜூனிலேயே என்று விளக்கினார். அந்தச் சின்ன வித்தியாசம் ஏன் பெரிது, கட்டுப்பாட்டை ஏன் மெதுவாகத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் கேட்டவருக்குத் தானாகவே புரிந்திருக்கும். பயமுறுத்தலும் இல்லை, பொய் ஆறுதலும் இல்லை.

தடுப்பூசி விஷயத்திலும் இப்படி ஒரு நல்ல தருணம் வந்தது. அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு அரிதாக ரத்தம் உறைகிறது என்ற செய்தி வந்து, 2021 மார்ச்சில் ஐரோப்பிய நாடுகள் பல ஊசி போடுவதை நிறுத்தி வைத்து, பிறகு மீண்டும் தொடங்கி, ஆளுக்கொரு வயது வரம்பு வைத்தன. அந்தக் குழப்பத்துக்கு நடுவே ஏப்ரல் 7 அன்று பிரிட்டனில் அபாயக் கணக்குகளை மக்களுக்குப் புரியும்படி விளக்குகிற, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விண்டன் மையம் தயாரித்த படங்களைக் காட்டி விளக்கினார்கள். தொற்று குறைவாக உள்ள சூழலில், 60களில் இருப்பவர்களில் லட்சத்துக்கு 14.1 பேர் தீவிர சிகிச்சைக்குப் போவது தவிர்க்கப்படும், ஊசியால் பெரிய பாதிப்பு 0.2 பேருக்கு. 20களில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழாகிறது: தீவிர சிகிச்சை தவிர்க்கப்படுவது 0.8 பேருக்கு, ஊசியால் பெரிய பாதிப்பு 1.1 பேருக்கு. அதனால் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி. 'முற்றிலும் பாதுகாப்பானது, கவலை வேண்டாம்' என்பதைவிட இது எவ்வளவோ மரியாதையான பேச்சு, கேட்பவரை யோசிக்கத் தெரிந்த பெரிய மனிதராக நடத்துகிற பேச்சு.

இன்னொரு வகைத் தவறும் உண்டு, அது கொரோனாவுக்கு முந்தையது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இது கொல்லும் நோய், இதற்கு மருந்து கிடையாது என்ற செய்திதான் ஆரம்பத்தில் பரவலாகப் போனது. பொய் இல்லை, ஆனால் மருந்தே இல்லாத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி, வீட்டிலேயே நம்மவர்கள் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகலாம் என்று குடும்பங்கள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? சீக்கிரம் வந்தால் நீர்ச்சத்து ஏற்றிப் பிழைக்க வைக்கும் வாய்ப்பு கூடும், வீட்டில் இருப்பவர்களுக்குப் பரவாமலும் தடுக்கலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அடக்கம் செய்வதிலும் இதே கதைதான். உடலை அவசரமாக எடுத்துப் போய்ப் புதைத்தபோது மக்கள் எதிர்த்தார்கள், உடல்களை மறைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மத அமைப்புகளோடும் பேசி, குடும்பத்தார் பிரார்த்தனை செய்யவும் பங்கேற்கவும் இடம் கொடுத்துப் புதிய நடைமுறையை வெளியிட்டது. துக்கத்தில் இருப்பவர் எதைக் கேட்கிறார் என்று முதலில் காது கொடுத்திருந்தால் இது மாதக்கணக்கில் தாமதமாகியிருக்காது.

இத்தனைக்கும் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவிய அனுபவத்துக்குப் பிறகு 2005இலேயே நோய்ப் பரவல் காலத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நம்பிக்கை, சீக்கிரம் அறிவிப்பது, வெளிப்படையாக இருப்பது, மக்கள் சொல்வதைக் கேட்பது, முன்கூட்டியே திட்டமிடுவது எல்லாம் அதில் இருக்கின்றன.

அடுத்த முறை செய்தியாளர் சந்திப்பில் நான் எதிர்பார்ப்பது, இன்றைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள என்ன ஆய்வு நடக்கிறது, அதுவரை என்ன செய்வது, இந்த ஆலோசனையை எப்போது மறுபடி பரிசீலிப்பார்கள் என்பதுதான். ஆலோசனை மாறினால் பழையதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடக் கூடாது. எந்தத் தேதியில், எந்தச் சான்றால் மாறியது என்று அதே பக்கத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும்.