உந்தக் கணக்கில் ஒரு கழித்தல் குறி படுத்தும் பாடு

இந்த முறை கேள்வி அனுப்பியவர்களில் சூத்திரம் தெரியாதவர் யாருமில்லை. எந்தப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கிறோம், எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை, எந்தத் திசை கூட்டல் என்று முடிவு செய்யாமலே எண்களைப் போட்டதுதான் எல்லோரையும் கவிழ்த்திருக்கிறது.

கேள்வி: 2 கிலோ வண்டி வலப்பக்கமாக 3 மீ/வி வேகத்தில் போகிறது. எதிரே 1 கிலோ வண்டி 4 மீ/வி வேகத்தில் வருகிறது. இரண்டும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. எனக்கு 3.33 மீ/வி வருகிறது, விடையில் 0.67 என்று இருக்கிறதே?

விடைதான் சரி. உந்தம் என்பது நிறையையும் திசையோடு கூடிய வேகத்தையும் பெருக்கியது. வெளியிலிருந்து விசை (புறவிசை) இல்லாதவரை மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது. நீங்கள் 2 × 3 = 6-ஐயும் 1 × 4 = 4-ஐயும் கூட்டிவிட்டீர்கள். எதிரே வருவதன் உந்தம் −4. மொத்தம் 2, அதை 3 கிலோவால் வகுத்தால் 0.67, வலப்பக்கமாக. வலப்பக்கம் போன வண்டியே 3 மீ/வியில்தான் போனது. எதிரே வந்து முட்டிய வண்டி அதன் வேகத்தைக் கூட்டுமா? அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் தவறில் உங்களுக்குப் பெரிய துணை உண்டு. பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் 1644-இல் வெளியிட்ட நூலில் திசையைக் கணக்கில் எடுக்காமல்தான் மோதல் விதிகளை எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை தவறாகப் போயின. பிறகு டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் திசையையும் சேர்த்து அவற்றைச் சரிசெய்தார்.

கேள்வி: கயிற்றில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டையில் 10 கிராம் தோட்டா 400 மீ/வி வேகத்தில் பாய்ந்து உள்ளேயே தங்குகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? ஆற்றல் மாறாது என்று போட்டேன், சுமார் 41 மீட்டர் வருகிறது!

பதின்மூன்று மாடி உயரம்! சிரித்துவிட்டு அடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது இரண்டு கணக்கு ஒன்றாக ஒட்டியது. தோட்டா கட்டையில் புதையும் அந்தச் சிறு நேரத்தில் உந்தம் மட்டுமே மாறாமல் இருக்கும். 0.01 × 400 = 4, அதை மொத்த நிறையான 2 கிலோவால் வகுத்தால் வேகம் 2 மீ/வி. அப்புறம் கட்டை ஊசலாடி மேலே எழும்பும்போதுதான் ஆற்றல் விதி செல்லும். வேகம் 2-இன் வர்க்கத்தை 19.6-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.8-இன் இரு மடங்கு) வகுத்தால் சுமார் 0.2 மீட்டர், அதாவது 20 சென்டிமீட்டர்.

மீதி ஆற்றல் எங்கே போனது? தோட்டாவிடம் இருந்தது 800 ஜூல். புதைந்தபின் கட்டையும் தோட்டாவும் சேர்ந்து வைத்திருப்பது 4 ஜூல்தான். பாக்கி 796 ஜூலும் மரத்தைத் துளைப்பதிலும் வெப்பத்திலும் கரைந்துவிட்டது. 1742-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ் இந்த ஏற்பாட்டை வைத்தே துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்தார். வேகமானிகள் இல்லாத காலத்தில் ஊசல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்தாலே போதுமாக இருந்தது. விடைத்தாளில் இரண்டு கட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எறிகணை வானத்தில் வெடிக்கும்போது புவியீர்ப்பு என்ற புறவிசை இருக்கிறதே. உந்தம் மாறாது என்று எப்படிச் சொல்லலாம்?

வெடிக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் சொல்லலாம். 1 கிலோ எறிகணை ஆயிரத்தில் ஒரு விநாடியில் வெடித்தால், புவியீர்ப்பு தரும் உந்தம் 0.01 கிகி மீ/வி அளவுதான். அரைக் கிலோ துண்டு ஒன்று 100 மீ/வி வேகத்தில் பறந்தால் அதன் உந்தம் 50. ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வெடித்த பிறகு சில விநாடிகள் கடந்தால் இந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: நின்றிருக்கும் 120 கிலோ படகிலிருந்து 60 கிலோ ஆள், படகைப் பொறுத்து 3 மீ/வி வேகத்தில் குதிக்கிறார். படகின் பின்னியக்க வேகம் 1.5 தானே?

இல்லை, 1 மீ/வி. எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் ‘படகைப் பொறுத்து’ என்ற இரண்டே சொல்லில் கண்ணி வைத்திருக்கிறார்கள். உந்த விதியில் எல்லா வேகங்களும் ஒரே இடத்திலிருந்து பார்த்தவையாக இருக்க வேண்டும். கரையிலிருந்து பாருங்கள். படகு ‘வ’ வேகத்தில் பின்னால் போனால், ஆள் முன்னால் போவது 3 − வ. ஆக 60 × (3 − வ) = 120 × வ. வ = 1, ஆளின் வேகம் 2. சரிபார்ப்பு: 60 × 2 = 120 × 1. நீங்கள் போட்ட 1.5-இல் ஆள் கரையைப் பொறுத்து 3 மீ/வியில் போகிறார். அப்படியானால் படகிலிருந்து பார்த்தால் 4.5 ஆகிவிடும், கேள்வியே மாறிவிடும்.

கேள்வி: மீட்சி மோதலில் இருபடிச் சமன்பாடு வந்து சிக்குகிறது. சுலப வழி உண்டா?

உண்டு. மீட்சி மோதல் என்றால் மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல். ஒரே நேர்க்கோட்டில் நடக்கும் மீட்சி மோதலில் நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் சமம். 2 கிலோ பந்து 3 மீ/வியில் வந்து, நின்றிருக்கும் 1 கிலோ பந்தை மோதினால், பிந்தைய இரு வேகங்களின் வித்தியாசம் 3. உந்தச் சமன்பாட்டோடு சேர்த்தால் பெரிய பந்துக்கு 1, சின்னதுக்கு 4. இருபடி வழியிலேயே போனால் இரண்டு விடை கிடைக்கும். 3-உம் 0-உம் என்று வருவது மோதலே நடக்காத நிலை, அதை அடித்துவிடுங்கள்.