மேளத்துக்கு எங்கே இடம்?

கேள்வி: வரும் வைகாசியில் மகன் கல்யாணம், மண்டபம் கும்பகோணத்தில். சம்பந்தி வீட்டார் செண்டை மேளம் என்கிறார்கள், மகனின் நண்பர்கள் டிஜே கேட்கிறார்கள், எனக்கும் மனைவிக்கும் நாதஸ்வரம்தான் ஆசை. எத்தனை பேர் வைக்க வேண்டும், எதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: நாதஸ்வரமே வையுங்கள், மறுயோசனை வேண்டாம். செண்டை நல்ல வாத்தியம், திருச்சூர்ப் பக்கம் கோயில் முற்றத்தில் நின்று கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் நீங்கள் கல்யாணம் வைத்திருக்கிற ஊரிலிருந்து மயிலாடுதுறை ரயிலில் ஏறினால் ஆடுதுறையைத் தாண்டியதும் நரசிங்கம்பேட்டை வந்துவிடும். ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிற ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, நன்றாகக் காய்ந்து இறுகிய உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்கி வந்து கடைவார்கள், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பெல்லாம் வாசித்தது குட்டையான, சுருதி ஏறிய திமிரி நாயனம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சுருதியைத் தணித்து வாசிக்க ஆசை, அதற்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்ததுதான் நீளமான பாரி நாதஸ்வரம். இன்றைக்குக் கச்சேரியில் நாம் கேட்கிற குழைவான நாதத்துக்கு அந்த இரண்டு பேரும்தான் காரணம். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டியை வாடகைக்கு எடுப்பானேன்?

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் போட ஒருவர், சுருதிப் பெட்டி, இது போதும். கை இறுக்கம் என்றால் ஒரு நாதஸ்வரம், ஒரு தவிலோடுகூட அழகாக நடத்தலாம், குறையே இல்லை. பேசும்போது யார் வாசிக்க வருகிறார் என்று பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இடையில் ஆள் இருந்தால் நீங்கள் கேட்டு ரசித்த வித்வான் ஒருவராகவும் முகூர்த்தத்துக்கு வந்து நிற்பவர் வேறொருவராகவும் இருப்பது சகஜமாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு எத்தனை மணிக்கு, ஊர்வலம் உண்டா, முகூர்த்தம் எப்போது, ராத்திரி எங்கே தங்குவது, போக்குவரத்துச் செலவு யாருடையது, எல்லாவற்றையும் முன்பணம் கொடுக்கிற அன்றே பேசிவிடுங்கள். மீதியைத் தாலி கட்டி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் ஒருவரை இதற்கென்றே நியமியுங்கள். கெட்டி மேளத்துக்குச் சைகை காட்டுவது, அவர்களைப் பந்திக்கு அழைத்துப் போவது, பணம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இனி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அவர்களை எங்கே உட்கார வைக்கப் போகிறீர்கள்? என் தங்கை கல்யாணத்தில் மண்டபத்துக்காரர் ஒரு மூலையைக் காட்டினார், பந்திக்குப் போகிற வழியில், கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. வந்திருந்தவர் நல்ல வித்வான், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை நனைத்துப் பதம் பார்த்து, காம்போதி ராகத்தை எடுத்தார். எடுத்த எடுப்பே அப்படி இருந்தது. குழாயடியில் கூட்டம், யாரோ ஒரு பையன் ஈரக்கையை உதறிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனான். அவர் ஆலாபனையைப் பாதியில் நிறுத்தி, ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்தார். அப்பா அன்று ராத்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அந்தக் காம்போதியை மூடி வைச்சது நாமதான்டா."

அதனால் மேடைக்குப் பக்கவாட்டில், சபையைப் பார்த்தபடி, ஜமக்காளம் விரித்து நல்ல இடமாகக் கொடுங்கள். குடிக்க வெந்நீர் வையுங்கள். வரவேற்பு அன்று சாயங்காலம் அரை மணி நேரம் வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் அவர்களுக்கே விட்டுவிடுங்கள், ஒரு ராகம் விரிவாக வாசிக்கச் சொல்லி நீங்களும் உங்கள் மனைவியும் முன்னால் போய் உட்காருங்கள். வீட்டுக்காரர் உட்கார்ந்தால் நாலு பேர் உட்காருவார்கள். டிஜே வேண்டுமென்றால் அதற்குப் பிறகு இளைஞர்கள் ஆடிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து பேராவூரணிப் பக்கம் கல்யாணமாகி வந்திருக்கிறேன். ஆடி மாதம் மொய் விருந்து வைக்க வேண்டும் என்று மாமனார் சொல்கிறார். கறிச் சோறு போட்டுப் பணம் வாங்குவதா என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது அன்பளிப்பா, கடனா?
– ஒரு வாசகி, பேராவூரணி

பதில்: கூச்சப்படாதீர்கள் அம்மா. கணக்கு என்று பார்த்தால் கடன், நோட்டில் எழுதப்படுகிறது, திருப்பிச் செய்தே ஆக வேண்டும். ஆனால் வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கேட்க மாட்டார்கள். ஊரே சாட்சி. பேராவூரணி, பட்டுக்கோட்டை, அந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு வரை இந்த வழக்கம் இருக்கிறது. கல்யாணம் காட்சி இல்லாத ஆடியில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள், செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள், ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு, இப்போது கம்ப்யூட்டர் ரசீதும் வந்துவிட்டது. ஒரு குடும்பம் வைத்தால் மறுபடி வைக்க ஐந்து வருடம் போல ஆகும், அதற்குள் மற்றவர்கள் விருந்துக்கெல்லாம் போய் வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். போர்வெல் போட்டது, வீடு கட்டியது, பிள்ளையைப் படிக்க வைத்தது என்று இந்தப் பணத்தில் தலையெடுத்த குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

அதற்காக இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தபோது, வருமானமே தென்னைதான் என்றிருந்த வீடுகளில் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் கழுத்தை நெரித்தது. ஆகவே வாங்கிய பணத்தை, திரும்ப வருமானம் தருகிற ஒன்றில் போடச் சொல்லுங்கள். காரிலும் பந்தல் அலங்காரத்திலும் கரைத்துவிட்டால் அடுத்த ஐந்து வருடமும் நகை அடகுக் கடையில்தான் இருக்கும். மாமனாரின் பழைய நோட்டை வாங்கி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். படித்த பெண், இந்தக் கணக்கு உங்கள் கைக்கு வருவது வீட்டுக்கே நல்லது. அப்புறம் அழைப்பிதழில் உங்கள் கணவர் பெயரோடு உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள், கடனில் பாதி உங்கள் தலையிலும் இருக்கும்போது பெயர் மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்?

கேள்வி: ஏழூர் பல்லக்கு பார்க்க எந்த ஊருக்குப் போவது நல்லது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கடைசி நாள் திருவையாற்றுக்கே வந்துவிடுங்கள். பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம், அது முடிந்து சித்திரையில் திருவையாற்றுச் சுவாமி ஐயாறப்பர் புதுமணத் தம்பதியை அழைத்துக்கொண்டு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி வருவார், நம் வீட்டில் கல்யாணமானதும் உறவுக்காரர்கள் வீட்டு விருந்துக்குப் போகிற மாதிரியேதான். எல்லா ஊர்ப் பல்லக்கும் திருவையாற்றில் கூடி நிற்க, ஒரு பொம்மை சுவாமிக்குப் பூப்போடுவதைப் பார்க்கும் கூட்டத்தில் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், கீழே நின்றால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் கபடி அணியில் சேர்த்திருக்கிறார்கள். பாட்டி, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது, கை கால் உடைந்தால் யார் கட்டுவார்கள் என்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: விளையாட விடுங்கள். நீங்கள் இருக்கிற ஊரிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில்தான் வடுவூர். அந்த ஊரில் கபடி என்பது பிள்ளைகளின் சாயங்காலப் பொழுது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸ் அந்த ஊர்ப் பையன்தான். அதே போட்டியில் பெண்கள் அணியும் தங்கம் வென்றது, அதில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகரிலிருந்து போனவர். இதைப் பாட்டியிடம் சொல்லுங்கள், படத்தையும் காட்டுங்கள்.

ஆனால் பாட்டியின் பயத்தை வீண் பயம் என்று தள்ளாதீர்கள், அடிபடுகிற விளையாட்டுதான் இது. ஒரு தடவை பாடிப் போவதற்கு முப்பது விநாடி, அதற்குள் ஏழு பேர் நிற்கிற களத்துக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், நாலு பேர் மேலே விழுவார்கள். தப்பாக விழுந்தால் முழங்காலும் கணுக்காலும்தான் போகும். அதனால் பயிற்சி கொடுப்பவர் விழுவதற்குச் சொல்லிக்கொடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மண் தரை என்றால் ஆட்டத்துக்கு முன் கல் பொறுக்கி, தண்ணீர் தெளிக்கிறார்களா, மேட் என்றால் அதற்கான ஷூ போட்டிருக்கிறாளா என்று நீங்களே ஒரு நாள் போய் நின்று கவனியுங்கள். ஊர்ப் போட்டிகளில் எடைப் பிரிவு வைப்பார்கள். அரைக் கிலோ கூடிவிட்டது என்று முந்தின நாளிலிருந்து பிள்ளையைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிறுத்துகிற வழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்து நொந்திருக்கிறேன், வளருகிற பெண்ணுக்கு அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அந்த எடைக்கு வரவில்லையா, மேல் பிரிவில் ஆடட்டும், இல்லை அந்த ஒரு போட்டி போகட்டும். முட்டை, வேர்க்கடலை, சுண்டல் இதெல்லாம் தினமும் கொடுங்கள். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாட்டியை முதல் ஆட்டத்துக்கே கூட்டிப் போய் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பேத்தி ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டுத் திரும்புவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கரகாட்டம் என்ற பெயரில் ஆபாசம்தான் நடக்கிறது. நிறுத்திவிடலாமா?
– விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெண்களும் குழந்தைகளும் தூங்கப் போன பிறகு, குடித்துவிட்டு நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் ஆடவிட்டு, ரூபாய் நோட்டைக் காட்டி அழைத்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஆபாசம் கேட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள், பழி ஆடுகிறவர்கள் மேல் விழுகிறது. ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்கு முடித்துவிடுங்கள். நையாண்டி மேளத்தைக் குறைக்காதீர்கள். நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு நாலும் சேர்ந்து இருந்தால்தான் ஆட்டக்காரியின் காலுக்குத் தாளம் கிடைக்கும், தலையில் செம்பு அசையாமல் நிற்க அவள் ஊசியைக் கண்ணால் எடுக்கிற வித்தையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பேசும்போதே, இரட்டை அர்த்தப் பேச்சு வேண்டாம், அதற்குப் பதில் தொகையில் கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். உடை மாற்றப் பூட்டுப் போட்ட ஒரு அறை கொடுங்கள். முன்வரிசையில் ஆண்கள் வேண்டாம், ஊர்ப் பெண்கள் உட்காரட்டும்.

கேள்வி: மெலட்டூர் பாகவத மேளா தெலுங்கில் நடக்குமாமே, எனக்குத் தெலுங்கு தெரியாது. போனால் புரியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: புரியும். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கிற நாட்டிய நாடகம் அது, பிரகலாதன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள், பிரகலாதனின் அம்மா லீலாவதி அழும்போது அது ஆண் என்பது நினைவிலேயே இருக்காது. வம்சம் வம்சமாக ஆடுகிற குடும்பத்துப் பிள்ளைகள் எங்கெங்கோ வேலையில் இருந்தாலும் அந்த நாட்களுக்கு விடுப்புப் போட்டு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். நரசிம்மர் முகமூடியைப் பூஜை செய்துதான் அணிவார்கள். விடிய விடிய உட்கார வேண்டியிருக்கும், துணைக்குத் தோழியைக் கூட்டிப் போங்கள், மத்தியானமே கொஞ்சம் தூங்கிவிடுங்கள்.

கேள்வி: அறுபது வயதில் பாட்டுக் கற்றுக்கொள்கிறேன். திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னம் பாடும்போது நான் பாடினால் தப்பா?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: தப்பே இல்லை. தியாகையர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் வரிசையாக வரும், பந்தலில் எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்து கூடச் சேர்ந்து பாடுங்கள். தியாகையர் பிறந்த ஊரிலிருந்து போகிறீர்கள், வேறு என்ன தகுதி வேண்டும்? திருவையாற்றில் அவர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சொத்தைப் போட்டு 1920களில் கட்டினார். அப்படிக் கட்டியவரையே, பெண் என்பதால் அங்கே பாட விடவில்லை. அவர் சோர்ந்து போகாமல் 1927இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார், 1940களின் தொடக்கத்தில் தனித்தனியாக நடந்த ஆராதனைகள் எல்லாம் ஒன்றான பிறகுதான் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடுகிற இன்றைய வழக்கம் வந்தது. 1952இல் அவர் மறைந்தார். தியாகையர் சந்நிதியைப் பார்த்தபடி அவர் சிலை இருக்கிறது. பாடி முடித்ததும் கூட்டம் கலைகிற வரை பொறுத்திருந்து, அந்த அம்மாளுக்கும் ஒரு முழம் பூ வைத்துவிட்டு வாருங்கள்.