டீ மெஷினில் வெறும் வெந்நீர்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். எங்கள் கம்பெனி டீ மெஷினில் காலையில் டீ நன்றாக வருகிறது; மதியத்துக்கு மேல் வெந்நீர்தான். டப்பாவில் பவுடர் நிறையவே இருக்கிறது. ஏன்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: பவுடர் விழும் மூக்கு அடைத்திருக்கும். கீழே கலக்கும் கிண்ணத்திலிருந்து எழும் ஆவி பட்டு, பாலும் சர்க்கரையும் சேர்ந்த பவுடர் அங்கே இறுகிவிடுகிறது. சுவிட்சை அணைத்து, டப்பாவைக் கழற்றி, மூக்கைத் தனியே எடுத்து வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். துளி ஈரமும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் பவுடர் உடனே ஒட்டிக்கொள்ளும். ஆவியை வெளியே இழுக்கும் சின்ன ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். அது நின்றிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் மறுபடி அடைக்கும். உப்பான போர் தண்ணீரை மட்டும் ஊற்றவே வேண்டாம், ஹீட்டரில் உப்புப் படியும்.